கரி எடுத்த மண்ணில் காலாற...

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து: நிலக்கரிச் சுரங்கங்கள் நடைபாதைகளான கதையும், புல்லுக்கு அடியில் இன்னும் தீராத கணக்கும்

மேட்டின் உச்சியில் ஓர் இரும்புக் கூண்டு நிற்கிறது. அதை இழுக்கும் வடம் இல்லை, அது இறங்கக் குழியும் இல்லை. சுற்றிலும் காற்றில் சாயும் புல். எதிரே, சாம்பல் நிறத்தில் வடகடல். நாயைக் கையில் பிடித்தபடி மேடேறி வருகிறவர்கள் கூண்டருகே நின்று மூச்சு வாங்கிவிட்டு, கடற்கரைப் பக்கம் இறங்கும் பாதையில் நடையைக் கட்டுகிறார்கள்.

ஊரின் பெயர் ஈசிங்டன் காலியரி. இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில் இருக்கிறது. 'காலியரி' என்றால் நிலக்கரிச் சுரங்கம். ஊர்ப் பெயரில் தொழில் இன்னும் இருக்கிறது, ஊரில்தான் இல்லை. 1899-ல் குழி வெட்டத் தொடங்கினார்கள். கரி மேலே வரப் பதினோரு வருடம் பிடித்தது. ஆயிரம் அடிக்கும் கீழே, கடலுக்கு அடியில் பல மைல் தூரம் வரை சுரங்கம் நீண்டது. அங்கே ஆட்களை இறக்கி ஏற்றிய கூண்டுதான் இப்போது மேட்டில் நிற்கிறது. 1951 மே 29 அன்று அதிகாலையில் நடந்த வெடிப்பில் 83 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் இரண்டு பேர் மற்றவர்களை மீட்க உள்ளே போனவர்கள்.

1993 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. கட்டடங்களை இடித்தார்கள். கழிவு மண்ணைச் சரித்து, சமப்படுத்தி, புல் விதைத்தார்கள். இன்றைக்கு இது இயற்கைக் காப்பிடம். கரித்தூசு பறந்த இடத்தில் வானம்பாடி பாடுகிறது.

ஈசிங்டன் தனி ஊர் அல்ல. ஒரு காலத்தில் உலகத்துக்கே கரி விற்ற பிரிட்டனில், கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடியது. நிலக்கரியில் ஓடிய கடைசி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30-ல் நின்றது. கரி போன பிறகு நிலம் மிஞ்சியது: மலை போன்ற கழிவு மேடுகள், ஏரி அளவுக் குழிகள், எங்கேயும் போகாத ரயில் பாதைகள். இவற்றின் மேல் இன்று மக்கள் நடக்கிறார்கள்.

பாதை போடுவது சுலபமான பாதி. மீதிப் பாதிக்கு யார் பொறுப்பு என்பதில்தான் இன்றைக்கு வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் சண்டை.

வேற்றுக் கிரகமாக நடித்த கடற்கரை

டர்ஹம் சுரங்கங்களுக்குக் கழிவைக் கொட்ட நல்ல வசதி ஒன்று இருந்தது. பக்கத்திலேயே கடல். கரியோடு வெளியே வந்த கல்லையும் மண்ணையும் வாளி வாளியாகக் கம்பிவடத்தில் ஏற்றி, கரையில் கவிழ்த்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு இது நடந்தது. 1971-ல் வெளிவந்த 'கெட் கார்ட்டர்' படத்தின் கடைசிக் காட்சியில் அந்த வாளிகளைப் பார்க்கலாம். பிளாக்ஹால் கடற்கரையில் எடுத்தது. செட் எதுவும் போடவில்லை. இருபது வருடம் கழித்து 'ஏலியன் 3' படக்குழு, கைவிடப்பட்ட ஒரு வேற்றுக் கிரகம் வேண்டும் என்று தேடி அலைந்தபோது, டாடன் ஊரின் பிளாஸ்ட் கடற்கரைதான் வாகாகக் கிடைத்தது. கறுப்பு மண், செம்மஞ்சள் குட்டைகள். ஒப்பனை தேவைப்படவில்லை.

1997-ல் 'டர்னிங் தி டைட்' என்ற திட்டம் தொடங்கியது. ஐந்து வருடம், ஒரு கோடி பவுண்டு. கழிவைக் கடலுக்குக் கொண்டுபோன அமைப்புகளை இடித்தார்கள். கடற்கரையிலிருந்து பத்து லட்சம் டன்னுக்கும் மேல் கழிவை அள்ளினார்கள். குன்றின் விளிம்புவரை உழுதுகொண்டிருந்த வயல்களை விலைக்கு வாங்கி, சுண்ணாம்புப் பாறை நிலத்துக்கே உரிய காட்டுப்பூப் புல்வெளிகளாக மாற்றினார்கள். சீஹமிலிருந்து கிரிம்டன் வரை சுமார் 18 கிலோமீட்டருக்கு ஒரே கடற்கரை நடைபாதை உருவானது. 2001-ல் இந்தக் கரைக்குப் 'பாரம்பரியக் கடற்கரை' என்ற தகுதி கிடைத்தது. கழிவு கொட்டிய கரைக்கு அது சாதாரண மரியாதை இல்லை.

இந்தப் பாதையில் கோடைக்காலத்தில் நடந்தால், சுண்ணாம்புக்கல் சரிவில் ஆர்க்கிட் பூக்களைப் பார்க்கலாம். 'டர்ஹம் ஆர்கஸ்' என்று உள்ளூர்ப் பெயர் வாங்கிய சின்னப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி அங்கே பறக்கும். கிரிம்டன் மணலில் சிற்றாலாக்கள் கூடு வைக்கும்போது, வேலி போட்டு முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். ஹார்டன் ஊருக்கு 2020-ல் மறுபடி ரயில் நிலையம் வந்தது. நடக்க வருகிறவர்கள் ரயிலில் வந்து இறங்கலாம்.

எல்லாக் கழிவும் அள்ளப்படவில்லை. சில இடங்களில் மிச்சத்தைக் கடலே கரைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அங்கே குன்றுக்கும் அலைக்கும் நடுவே கழிவு ஒரு திண்ணை மாதிரி நிற்கிறது. விளிம்பில் ஒரு துண்டை எடுத்தால் ஏடு ஏடாக இருக்கும், நகத்தால் பிளக்கலாம். நனைந்தால் மை போலக் கறுப்பு. காய்ந்தால், உள்ளே இருக்கும் இரும்பு துருவேறி ஓரம் சிவக்கிறது.

--------------------
கரி, எண்களில்

■ 1913: பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி உச்சம் தொட்ட ஆண்டு. 28.7 கோடி டன். சுரங்க வேலையில் பத்து லட்சம் பேருக்கும் மேல்.

■ 1942: போர்க்கால நெருக்கடியில் திறந்தவெளிச் சுரங்க முறை பரவலாகத் தொடங்கியது.

■ 1984–85: சுரங்க மூடலை எதிர்த்துத் தொழிலாளர்களின் ஓராண்டு வேலைநிறுத்தம். தோல்வியில் முடிந்தது.

■ 1994: நிலக்கரித் துறை தனியார்மயம்.

■ 2015: கடைசி ஆழ்சுரங்கமான யார்க்‌ஷயரின் கெலிங்லி மூடல்.

■ இன்று: பிரிட்டனில் ஏறக்குறைய நான்கில் ஒரு வீடு பழைய நிலக்கரி வயல் ஒன்றின் மேல் நிற்கிறது.
--------------------

நடந்த இயந்திரம், நின்ற இடம்

லீட்ஸ் நகரத்துக்குத் தென்கிழக்கே செயின்ட் ஏடன்ஸ் என்ற இடத்துக்கு நடக்க வருகிறவர்களை முதலில் வரவேற்பது ஒரு பறவை அல்ல, 1,200 டன் எடையுள்ள ஓர் இயந்திரம். மண் அள்ளும் டிராக்லைன். பெயர் 'ஆட்பால்'. அமெரிக்காவில் செய்து, முதலில் வேல்ஸில் வேலை பார்த்து, 1970-களில் இங்கே வந்தது. இதற்குச் சக்கரம் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புப் பாதங்கள் இருக்கின்றன. பாதங்களை ஊன்றி, உடம்பைத் தூக்கி, சில அடி தள்ளி வைத்து, பாதங்களை மறுபடி எடுத்து வைக்கும். ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'நடக்கும் டிராக்லைன்' என்றே பெயர். அது நடப்பதை நிறுத்தி வருடக்கணக்காகிறது. ஆர்வலர் குழு ஒன்று பராமரித்து, சில நாட்களில் ஏறிப் பார்க்க அனுமதிக்கிறது.

1988 மார்ச்சில் இந்தத் திறந்தவெளிச் சுரங்கத்தின் கரை உடைந்தது. பக்கத்தில் ஓடிய ஏர் நதி மொத்தமாகக் குழிக்குள் இறங்கியது. கரியும் இயந்திரங்களும் நீருக்கடியில். ஆற்றையும் அதை ஒட்டிய படகுக் கால்வாயையும் வேறு வழியில் திருப்பி, தண்ணீரை இறைத்து, மிச்சக் கரியை எடுத்து முடிக்க 2002 ஆகிவிட்டது. அதன் பிறகுதான் நாணல் சதுப்பும் ஏரிகளும் புல்வெளியும் வடிவெடுத்தன. இன்று நிர்வகிப்பது பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி. பிரிட்டனில் அரிதான கறுங்கழுத்து முக்குளிப்பான்கள் நல்ல எண்ணிக்கையில் கூடு கட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. நாணலுக்குள் ஒளிந்துகொண்டு, காலிப் பானைக்குள் ஊதியதுபோல் குரல் கொடுக்கும் பிட்டர்ன் பறவையும் வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே வந்த அந்த விபத்துதான் இங்கே வரப்போவது நீர்நிலம் என்பதைக் கிட்டத்தட்ட முடிவு செய்தது.

--------------------
குழி எப்படிக் காடாகிறது?

1. முதலில் மேல்மண்ணை உரித்துத் தனியாகக் குவிப்பார்கள். அதன் கீழுள்ள அடிமண் தனிக் குவியல். இரண்டும் கலந்துவிட்டால் பிறகு ஒன்றும் விளங்காது.

2. பாறையை அகற்றி, கரியை எடுப்பார்கள். ஒரு பக்கம் தோண்டத் தோண்ட, மறுபக்கம் அதே பாறையால் குழியை மூடிக்கொண்டே வருவார்கள்.

3. அடிமண், மேல்மண் என்று வந்த வரிசையிலேயே திரும்பப் பரப்புவார்கள். பழைய நாளில் கனரக வண்டிகள் மேலேயே ஓடி மண்ணை இறுக்கிவிடும். வேர் இறங்காது, மழை தேங்கும். இப்போது மண்ணை மிதிக்காமல், பின்னோக்கி நகர்ந்தபடி தளர்வாகக் கொட்டுகிறார்கள்.

4. சத்தில்லாத மண்ணில் முதல் ஆளாக ஆல்டர் மரத்தை நடுவார்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை வேரில் பிடித்துவைக்கும் மரம் அது. கூடவே பிர்ச், வில்லோ. ஓக் மரத்தின் முறை பிறகுதான் வரும்.

5. 1981-ம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்தை மூடிய பிறகும் பொதுவாக ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும்.
--------------------

காட்டை நட்ட ஊர்கள்

இங்கிலாந்தின் மத்தியில், லெஸ்டர்‌ஷயர், டெர்பிஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் மூன்றும் சந்திக்கும் இடத்தில் 'நேஷனல் ஃபாரஸ்ட்' இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஆதிகாலக் காடு என்று தோன்றும். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

1987-ல் அரசின் கிராமப்புற ஆணையம் இந்த யோசனையைச் சொன்னது. 1990-ல் இடம் தேர்வானது. அதே காலகட்டத்தில்தான் இந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கங்கள் மூடின. வேலை போன ஊர்கள், களிமண் குழிகள், கரி மேடுகள் என்று 520 சதுர கிலோமீட்டர். அதில் மரம் இருந்தது வெறும் 6 சதவீத நிலத்தில். 1995-ல் தனி நிறுவனம் அமைத்து நடத் தொடங்கினார்கள். இதுவரை நட்டது 90 லட்சத்துக்கும் மேல். மரப்பரப்பு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இலக்கு மூன்றில் ஒரு பங்கு.

நிலம் எல்லாம் அரசுடையது அல்ல என்பதுதான் இங்கே முக்கியம். பெரும்பகுதி தனியார் பண்ணைகள். கட்டாயப்படுத்திக் காடு வளர்க்க முடியாது. அதனால் ஏலம் மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். 'என் நிலத்தில் இத்தனை மரம் நடுகிறேன், இவ்வளவு மானியம் வேண்டும்' என்று உரிமையாளர் விண்ணப்பிப்பார். பொதுமக்கள் நடக்க வழிவிடுகிறாரா என்பதும் கணக்கில் வரும். அப்படித்தான் காட்டோடு சேர்ந்து பாதையும் வளர்ந்தது.

மொய்ரா கிராமத்தில் இதை நடந்தே பார்க்கலாம். பழைய ரயில் பாதையின் மேல் போட்ட ஆஷ்பி வோல்ட்ஸ் பாரம்பரியப் பாதை மெஷம் பக்கமிருந்து ஊருக்குள் வருகிறது. ஓரத்தில் 1804-ல் கட்டிய இரும்பு உருக்கு உலை அப்படியே நிற்கிறது. அதன் காலடியில் கால்வாய். சுரங்கத்தால் நிலம் உள்வாங்கி, கரை உடைந்து, இந்தப் பகுதிக் கால்வாயைக் கைவிட்டிருந்தார்கள். ஒரு துண்டை மீட்டு மறுபடி தண்ணீர் விட்டிருக்கிறார்கள். சற்றுத் தள்ளி, ராடன் சுரங்கம் இருந்த இடத்தில் 2001 முதல் 'காங்கர்ஸ்' என்ற சுற்றுலா மையம். டோனிஸ்தார்ப் சுரங்க மேடு இப்போது மரங்கள் அடர்ந்த பூங்கா. திறந்தவெளிச் சுரங்கமாக இருந்த ஹிக்ஸ் லாட்ஜில் சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன. இவை எல்லாவற்றுக்கும் மகுடமாக 2014-ல் 'நேஷனல் ஃபாரஸ்ட் வே' திறந்தார்கள்: 75 மைல், பன்னிரண்டு கட்டங்கள். ஒரு வாரம் லீவு போட்டால் காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம்.

மொய்ராவைச் சுற்றியுள்ள இளங்காட்டுக்குள் நின்றால் ஒன்று கண்ணில் படும். மரங்கள் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் மாதிரி. சில வரிசைகள் இன்னும் நேர்கோடாகவே தெரிகின்றன. ஒளி தரையைத் தொட வேண்டும் என்று நடுநடுவே மரங்களை வெட்டிக் கலைக்கிறார்கள். நட்டவர்களே வெட்டுகிறார்களே என்று பார்க்கிறவருக்குச் சங்கடமாக இருக்கலாம். வளர்த்த காட்டுக்கு இது தேவைப்படுகிறது.

மண்ணில் படுத்திருக்கும் பெண்

நியூகாசிலுக்கு வடக்கே கிராம்லிங்டன் அருகில் இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பக்கத்தில் ஷாட்டன் சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதிலிருந்து வந்த 15 லட்சம் டன் பாறையையும் களிமண்ணையும் வைத்து ஒரு பெண்ணுருவம் படுக்கவைத்தார்கள். 400 மீட்டர் நீளம், 34 மீட்டர் உயரம். பத்து மாடிக் கட்டடத்தின் அளவு. பெயர் 'நார்தம்பர்லாந்தியா'. வடிவமைத்தவர் நிலச்சிற்பி சார்லஸ் ஜென்க்ஸ். 2012-ல் இளவரசி ஆன் திறந்துவைத்தார். அவள் தோளேறி, நெற்றிவரை பாதை சுற்றிச் சுற்றிப் போகிறது. மொத்தம் நான்கு மைல் நடை.

உள்ளூரில் அவளுக்கு வேறு பெயரும் உண்டு: 'ஸ்லாக் ஆலிஸ்'. 'ஸ்லாக்' என்றால் கழிவு. பெண்ணைத் திட்டும் சொல்லும் அதுவே. பெரிய இடத்துக் கலையை ஊர்க்காரர்கள் இப்படித்தான் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள்.

மேடு நகர்ந்தால்?

வேல்ஸுக்குப் போனால் பேச்சின் தொனி மாறிவிடும்.

அங்கே பள்ளத்தாக்குகள் குறுகியவை. ஊர் கீழே, கழிவு மேடு தலைக்கு மேலே. 1966 அக்டோபர் 21 காலை ஒன்பதேகால் மணிக்கு, மெர்த்தர் வேல் சுரங்கத்தின் ஏழாம் எண் மேடு சரிந்து அபர்வான் கிராமத்தின் பள்ளிக்கூடத்தை மூடியது. நீரூற்றின் மேல் கொட்டிய மேடு அது. மழையில் ஊறி, குழம்பாக இறங்கியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். பழி முழுவதும் தேசிய நிலக்கரி வாரியத்துடையது என்று விசாரணை ஆணையம் சொன்னது.

அதற்குப் பிறகும் ஊரின் மேலே மிச்ச மேடுகள் நின்றன. அவற்றை அகற்றுங்கள் என்று பெற்றோர்கள் கெஞ்சினார்கள். கடைசியில் அரசு அகற்றியது. ஆனால் அந்தச் செலவில் ஒன்றரை லட்சம் பவுண்டை, இறந்த குழந்தைகளுக்காக உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே எடுத்தது. அந்தத் தொகை திரும்பி வர 1997 ஆனது, அதுவும் வட்டியில்லாமல். 2007-ல் வேல்ஸ் அரசு மேலும் 15 லட்சம் பவுண்டு கொடுத்தது. பள்ளி இருந்த இடம் இன்று நினைவுத் தோட்டம். கார்டிஃபிலிருந்து பிரெகான் வரை போகும் 55 மைல் 'டாஃப் டிரெயில்' அபர்வான் வழியாகத்தான் செல்கிறது. சைக்கிளில் வருகிறவர்கள், மலைச்சரிவில் வரிசையாகத் தெரியும் கல்லறைகளின் வெள்ளை வளைவுகளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

அபர்வானுக்குப் பிறகு சட்டம் வந்தது, மேடுகள் சரிக்கப்பட்டன, புல் வளர்ந்தது. பலர் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தார்கள். 2020 பிப்ரவரியில் 'டெனிஸ்' புயல் மழையில், ரோந்தா பள்ளத்தாக்கின் டைலர்ஸ்டவுனுக்கு மேலே பல்லாயிரம் டன் கழிவு சரிந்தது. ஆறு அடைபட்டது. சைக்கிள் பாதை ஒன்று மண்ணுக்குள் போனது. யாருக்கும் காயம் இல்லை. ஆனால் காணொளியைப் பார்த்த ஒவ்வொரு வேல்ஸ்காரர் மனத்திலும் ஒரே தேதிதான் வந்திருக்கும்.

அதன் பிறகுதான் முழுக் கணக்கெடுப்பு நடந்தது. வேல்ஸில் கைவிடப்பட்ட கரிமேடுகள் 2,500-க்கும் மேல். அதிகக் கண்காணிப்பு தேவைப்படும் வகையில் சுமார் 350. 2024 நவம்பரில் 'பெர்ட்' புயலின்போது கும்டிலரி ஊரில் இன்னொரு மேடு சரிந்து, சுமார் நாற்பது வீடுகளை இரவோடு இரவாகக் காலி செய்தார்கள். 2025-ல் வேல்ஸ் புதுச் சட்டம் நிறைவேற்றியது. மேடுகளைப் பார்த்துக்கொள்ளவே ஒரு தனி ஆணையம் வருகிறது. கரி எடுத்த காலத்து மழைக்கணக்கு இன்றைய மழைக்குப் பொருந்தவில்லை என்பதுதான் பயம்.

செம்மஞ்சள் ஓடைகள்

சுரங்கம் ஓடியவரை பம்புகள் இரவும் பகலும் தண்ணீரை இறைத்தன. மூடியதும் பம்பு நின்றது. தண்ணீர் மெல்ல மேலே ஏறியது. கரியோடு கிடக்கும் பைரைட் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கரைய, அந்த இரும்பைச் சுமந்துகொண்டு நீர் எங்கோ ஒரு பழைய துளை வழியே ஓடையில் கலக்கும். வெளிக்காற்று பட்டவுடன் இரும்பு துருவாகப் படியும். கூழாங்கல், பாசி, மீன் முட்டை எல்லாம் செம்மஞ்சள் பூச்சுக்குக் கீழே போய்விடும்.

பிரிட்டனில் இதைத் தடுக்க 80-க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களை அரசு அமைப்பு ஒன்று நடத்துகிறது. பழைய பெயர் 'கோல் அத்தாரிட்டி'. 2024-ல் அதன் பெயரை மாற்றினார்கள். பல நிலையங்களில் ராட்சத இயந்திரம் எதுவும் இருக்காது. படிக்கட்டு மாதிரி தண்ணீரை விழவைத்துக் காற்றேற்றி, குளத்தில் தேக்கி, நாணல் படுகை வழியாக வடியவிடுகிறார்கள். மேல்குளத்தில் தேநீர் நிறம்; நாணலைத் தாண்டினால் தெளிவு. பாதையில் போகிறவர்கள் அழகான வாத்துக் குளம் என்று நினைத்துக் கடக்கிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆழத்துத் தண்ணீர் வெதுவெதுப்பானது. கேட்ஸ்ஹெட் நகரில் 2023 முதல் பழைய சுரங்கத்து நீரின் சூட்டை எடுத்துக் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். ஒரு காலத்தில் கரி கொடுத்த அதே சுரங்கம் வேறு வழியில் குளிர் காயவைக்கிறது. எப்படிப் பார்த்தாலும், பல சுரங்கங்களில் பம்பை அணைக்கும் நாள் என்று எதையும் யாரும் குறிக்க முடியாது.

பணம் எங்கே?

மெர்த்தர் டிட்வில் ஊருக்கு மேலே ஃபோஸ்-அ-வ்ரான் இருக்கிறது. பிரிட்டனின் மிகப் பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக இருந்தது. அனுமதி கொடுத்தபோது அதன் அதிகாரப்பூர்வப் பெயர் என்ன தெரியுமா? 'நில மீட்புத் திட்டம்'. பழைய பாழ்நிலத்தைச் சீர்செய்வோம், நடுவில் கரியை எடுத்துக்கொள்வோம், கடைசியில் மலைச்சரிவை ஊருக்கே திருப்பித் தருவோம் என்பதுதான் வாக்கு.

2022 செப்டம்பரில் அனுமதி முடிந்தது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் கரி எடுத்தார்கள். 2023 நவம்பரில்தான் நின்றது. முழுமையாக மூடிச் சீர்செய்ய 12 முதல் 17.5 கோடி பவுண்டு வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்கென்று ஒதுக்கிவைத்திருந்தது ஒன்றரைக் கோடி. பிறகு வந்த மாற்றுத் திட்டம் குழியின் அடியில் தண்ணீரை நிரம்பவிட்டு ஏரியாக்கிவிடலாம் என்கிறது. மலைச்சரிவுக்குக் காத்திருந்த ஊர்க்காரர்களுக்கு அது வேறு கணக்கு.

ஸ்காட்லாந்தில் இதே பாடம் 2013-லேயே நடந்தது. இரண்டு பெரிய திறந்தவெளிச் சுரங்க நிறுவனங்கள் சில வாரங்களில் அடுத்தடுத்துத் திவாலாயின. கிழக்கு அயர்ஷயரிலும் அண்டை மாவட்டங்களிலும் குழிகள் வாய் திறந்தபடி நின்றன. சீர்செய்யவென்று வாங்கிவைத்த பிணைத்தொகை, ஆகும் செலவில் ஒரு பகுதிக்கே போதும் என்ற உண்மை அப்போதுதான் வெளிவந்தது. ஃபைஃப் பகுதியில் ஜென்க்ஸ் வடிவமைத்த மண்சிற்பப் பூங்கா பாதியில் நின்றுபோனது. அதே ஜென்க்ஸ், ஸ்காட்லாந்தின் தெற்கே சாங்கர் ஊரருகே இன்னொரு கைவிட்ட சுரங்கத்தில் 'கிராவிக் மல்டிவர்ஸ்' பூங்காவை உருவாக்கினார். 2015-ல் திறந்தது. அங்கே நிலச்சொந்தக்காரரான ஒரு டியூக் செலவை ஏற்றார். ஒரே சிற்பி, ஒரே வகைக் குழி. ஒன்றுக்குப் பணம் இருந்தது, மற்றதற்கு இல்லை.

நார்தம்பர்லாந்தியா நிலைத்ததற்கும் இதுவே விளக்கம். அது இப்போது 'லேண்ட் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளை வசம் இருக்கிறது. நிலத்தைக் கொடுக்கிறவர் கூடவே ஒரு வைப்புத்தொகையும் கொடுக்க வேண்டும். அதன் வருமானத்தில் புல் வெட்டுவது, வேலி கட்டுவது, பாதையில் கப்பி போடுவது எல்லாம் நடக்கும். திறப்பு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். புல் வருடா வருடம் வளரும்.

'மேட்டை அப்படியே விடுங்கள்!'

எல்லா மேட்டையும் சமப்படுத்திப் புல் விதைப்பதுதான் மீட்பு என்பதை இப்போது சூழலியலாளர்களே ஏற்பதில்லை. தெற்கு வேல்ஸின் கரிமேடுகளில் சத்தில்லாத, கறுத்த, வெயிலில் சட்டென்று சூடேறும் மண் இருக்கிறது. உரமிட்ட வயல்களில் இடம் கிடைக்காத பாசிகளும் பூச்சிகளும் காட்டுத் தேனீக்களும் அங்கே தஞ்சம் புகுந்திருக்கின்றன. ரோந்தாவின் மார்டி சுரங்க மேட்டில் கண்டெடுத்த ஒரு மரவட்டைக்கு 'மார்டி மான்ஸ்டர்' என்று செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள். 'மான்ஸ்டர்' என்கிறார்கள், ஆள் மிகச் சிறியவர். மேல்மண் கொட்டிப் புல் போர்த்தினால் இவை போய்விடும். பாதுகாப்புக்காக மேட்டைத் தொட வேண்டும் என்று பொறியாளர் சொல்கிறார்; தொடாதே என்று பூச்சியியலாளர் சொல்கிறார். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருப்பதால் சண்டை முடிவதில்லை.

நினைவின் பக்கத்திலிருந்தும் இதே குரல் வருகிறது. கோபுரம், சக்கரம், மேடு எல்லாவற்றையும் அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு, பூங்கா என்று பெயர்ப் பலகை வைத்துவிட்டார்கள். இங்கே வேலை பார்த்தவர்கள் வந்துபோன தடயமே இல்லை என்ற ஆதங்கம் பல ஊர்களில் உண்டு. டர்ஹம் மாவட்டத்தில் 1720-களில் கரிவண்டிகளுக்காகக் கட்டிய காசி வளைவுப் பாலம் தப்பித்தது. உலகில் எஞ்சியிருக்கும் ரயில்பாலங்களில் மிகப் பழமையான ஒற்றை வளைவு அது. இன்று அதன் மேல் நடந்து போகலாம். அத்தனை வயதாகாத சுரங்கக் கோபுரங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

வயிற்றுப்பாடும் இருக்கிறது. ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்குப்படி, பழைய கரி ஊர்களில் வேலை செய்யும் வயதுள்ள 100 பேருக்கு இருந்த வேலைகள் 55 மட்டுமே. நாட்டின் சராசரி 73. நடைபாதை தேநீர்க் கடையை வாழவைக்கும். பறவை பார்க்க வருகிறவர் ஒருநாள் தங்குவார். ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுத்த சுரங்கத்தின் இடத்தை அது நிரப்பாது. ஈசிங்டன்காரர்கள் யாரும் அப்படி எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. பாதை வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்தது. வேலையும் வேண்டும் என்று கேட்டார்கள்.

கூண்டு நிற்கும் மேட்டிலிருந்து பாதை ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில் முடிகிறது. அலை உள்வாங்கும் நேரத்தில் கழிவுத் திண்ணையின் முகம் முழுதாகத் தெரியும்: கறுப்பு, சாம்பல், துரு, மறுபடி கறுப்பு. இடையில் ஒரு செங்கல் துண்டு, ஒரு வடத்தின் நுனி. ஒவ்வொரு குளிர்காலப் புயலும் அதில் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகிறது. நடக்க வந்த ஒருவர் குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி, திருப்பிப் பார்த்து, கடலில் எறிகிறார். கட்டைவிரலில் ஒட்டிய கறுப்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேடேறத் தொடங்குகிறார்.